உங்களுக்குத் தெரியுமா? – மைக் யார் கையில்?

அமெரிக்காவின் முதன்மைப் போட்டியான பெரிய லீகில் ஒரு பேஸ்பால் அணி ஒரு சீசனில் 162 ஆட்டம் ஆடுகிறது. வசந்தத்தில் தொடங்கி இலையுதிர் காலம்வரை ஏறக்குறைய தினம் ஒரு ஆட்டம். அத்தனைக்கும் மைதானத்துக்குப் போக யாருக்கும் நேரமும் பணமும் இருக்காது. அதனால் நூறு ஆண்டுக்கும் மேலாக இந்த விளையாட்டை வீடு வீடாகக் கொண்டு சேர்த்தது உள்ளூர் வானொலிதான். அந்த நிலையம் யாருக்குச் சொந்தம், ஆட்டத்தை ஒலிபரப்பும் உரிமையை யார் யாருக்கு விற்றார்கள் என்று தேடிப் போனால் கிடைக்கும் செய்திகள் ஆட்டத்தைவிடச் சுவையானவை.

●

பெரிய லீக் ஆட்டம் ஒன்று முதன்முதலில் வானொலியில் ஒலித்த நாள் 1921 ஆகஸ்ட் 5. பிட்ஸ்பர்க் நகரின் ஃபோர்ப்ஸ் ஃபீல்டு மைதானத்தில் பைரேட்ஸ் அணியும் ஃபிலடெல்ஃபியா ஃபிலிஸ் அணியும் மோதின. வர்ணனை சொன்னவர் ஹரால்டு ஆர்லின், வயது 25. வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த பொறியாளர். தொலைபேசிக் கருவி ஒன்றை மாற்றியமைத்து மைக்காக வைத்துக்கொண்டு பேசினார். பைரேட்ஸ் 8-5 என்று வென்றது. ஒலிபரப்பிய கே.டி.கே.ஏ. நிலையமும் வெஸ்டிங்ஹவுஸுக்குச் சொந்தம். வானொலிப் பெட்டி செய்து விற்கும் நிறுவனம் அது. ஆட்டம் கேட்கும் ஆசையில் மக்கள் பெட்டி வாங்கினால் அதுவே லாபம். உரிமைத் தொகை என்ற பேச்சே அன்று எழவில்லை.

அரை நூற்றாண்டு கழித்து ஆர்லினின் பேரன் ஸ்டீவ் ஆர்லின், சான் டியாகோ அணியின் பிட்சராகப் பிட்ஸ்பர்க்குக்கு ஆட வந்தார். தாத்தாவை வர்ணனை அறைக்கு அழைத்து, பேரன் பந்து வீசுவதை அவர் வாயாலேயே சொல்லவைத்தார்கள்.

●

வானொலி வந்ததும் அணி உரிமையாளர்கள் மகிழ்ந்திருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? பெரும்பாலானவர்கள் நடுங்கினார்கள். வீட்டில் சும்மா கேட்க முடிந்தால் டிக்கெட் எடுத்து யார் வருவார் என்பது அவர்கள் பயம். நியூயார்க்கின் மூன்று அணிகளான யாங்கீஸ், ஜயன்ட்ஸ், டாட்ஜர்ஸ் கூடிப் பேசி, 1934 முதல் 1938 வரை ஐந்து ஆண்டுகள் தங்கள் ஆட்டங்கள் எந்த வானொலியிலும் வரக் கூடாது என்று ஒப்பந்தமே போட்டன. அமெரிக்காவின் மிகப் பெரிய நகரம் தன் சொந்த அணிகளின் ஆட்டத்தைக் கேட்க முடியாமல் இருந்த காலம் அது.

அதை உடைத்தவர் லாரி மெக்ஃபெயில். 1938ல் டாட்ஜர்ஸ் நிர்வாகத்துக்கு வந்தார். ஒப்பந்தம் முடிந்ததும் நீட்டிக்க மறுத்தார். சின்சினாட்டியிலிருந்து ரெட் பார்பர் என்ற வர்ணனையாளரை அழைத்து வந்து 1939ல் டாட்ஜர்ஸின் இருப்பிடமான புரூக்ளின் முழுக்க ஆட்டத்தைக் கேட்கவைத்தார். அதன்பின் மற்ற இரண்டு அணிகளாலும் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

●

சிகாகோவில் கதையே வேறு. கப்ஸ் அணியின் உரிமையாளர் வில்லியம் ரிக்லி சூயிங்கம் விற்றுப் பணக்காரர் ஆனவர். விளம்பரத்தின் அருமை அவருக்குத் தெரியும். 1920களின் நடுவில், விரும்பும் நிலையம் எதுவானாலும் வந்து ஒலிபரப்பலாம், பணம் வேண்டாம் என்று கதவைத் திறந்துவிட்டார். ஒரே ஆட்டத்தைப் பல நிலையங்கள் ஒரே நேரத்தில் ஒலிபரப்பின. விளைவு? 1927ல் கப்ஸ் மைதானத்துக்கு வந்தவர்கள் 10 லட்சத்தைத் தாண்டினார்கள். பெரிய லீகின் இரு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீகில் அந்த எண்ணிக்கையைத் தொட்ட முதல் அணி அதுதான். ஆட்டத்தைக் காதால் கேட்டவர்களுக்குக் கண்ணால் பார்க்கும் ஆசை வந்தது. நியூயார்க் உரிமையாளர்கள் தடை ஒப்பந்தம் போட்டது இதைப் பார்த்த பிறகு என்பதுதான் வியப்பு.

●

அணியும் நிலையமும் ஒரே ஆளுக்குச் சொந்தமானால் எப்படி இருக்கும் என்பதற்கு முதல் பெரிய சான்று பவெல் கிராஸ்லி. சின்சினாட்டிக்காரர். மகன் வானொலிப் பெட்டி கேட்டான். கடையில் விலை நூறு டாலருக்கு மேல். அந்த விலை கொடுக்க மனமில்லாமல், எப்படிச் செய்வது என்று ஒரு சின்னப் புத்தகம் வாங்கி வந்து தாமே செய்து பார்த்தார். பிறகு மலிவு விலைப் பெட்டிகளைத் தொழிற்சாலையில் செய்து குவித்து, உலகின் பெரிய வானொலி உற்பத்தியாளர்களில் ஒருவரானார்.

பெட்டி வாங்குகிறவர்களுக்குக் கேட்க ஏதாவது வேண்டுமே? 1922ல் டபிள்யூ.எல்.டபிள்யூ. நிலையத்தைத் தொடங்கினார். 1934ல், திவாலாகும் நிலையில் இருந்த ரெட்ஸ் அணியையும் வாங்கினார். அதற்கு அவரைச் சம்மதிக்கவைத்தவர் மேலே சொன்ன அதே மெக்ஃபெயில். அப்போது அவர் சின்சினாட்டியில் இருந்தார். மைதானத்தின் பெயர் கிராஸ்லி ஃபீல்டு ஆனது. 1935 மே 24 அன்று பெரிய லீக் வரலாற்றின் முதல் இரவு ஆட்டம் அங்கே நடந்தது. வெள்ளை மாளிகையில் இருந்தபடி அதிபர் ரூஸ்வெல்ட் பொத்தானை அழுத்த, மைதானத்தில் விளக்குகள் எரிந்தன.

ரெட் பார்பர் வானொலிக்கு வர்ணனை சொன்ன முதல் பெரிய லீக் ஆட்டம், 1934 சீசனின் தொடக்க ஆட்டம். அதற்கு முன் அவர் ஒரு பெரிய லீக் ஆட்டத்தைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை!

●

கிராஸ்லியின் டபிள்யூ.எல்.டபிள்யூ. 1934 முதல் 1939 வரை 5 லட்சம் வாட் சக்தியில் ஒலிபரப்பியது. இன்று அமெரிக்காவில் ஏ.எம். நிலையத்துக்கு அனுமதிக்கப்பட்ட உச்சம் 50,000 வாட். பத்து மடங்கு! நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் வேலிக் கம்பியில்கூடப் பேச்சும் பாட்டும் கேட்கிறது என்று சொன்னார்கள். கனடாவின் டொரான்டோ நிலையம் ஒன்று தன் ஒலிபரப்பில் இரைச்சல் வருகிறது என்று புகார் செய்தது. ஆனால் ரெட்ஸ் ஆட்டங்கள் பெரும்பாலும் ஒலித்தது இந்த ராட்சத நிலையத்தில் அல்ல; கிராஸ்லிக்கே சொந்தமான சிறிய நிலையமான டபிள்யூ.எஸ்.ஏ.ஐ.யில். பெரிய நிலையத்தின் நேரம் நாடு தழுவிய விளம்பரதாரர்களுக்கு விற்பனையாகிவிட்டது. சொந்த அணி, சொந்த நிலையம் என்றாலும் காசு வரும் பக்கம்தான் நேரம் போனது.

●

ரொனால்டு ரேகன் அமெரிக்க அதிபராவதற்கு முன் நடிகர் என்பது எல்லோருக்கும் தெரியும். நடிகராவதற்கு முன்? அயோவா மாநிலம் டெ மாய்ன் நகரின் டபிள்யூ.எச்.ஓ. நிலையத்தில் கப்ஸ் ஆட்டங்களின் வர்ணனையாளர். மைதானத்தில் உட்கார்ந்து அல்ல. ஐநூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஸ்டுடியோவில் இருந்து. தந்தியில் ஒவ்வொரு பந்துக்கும் இரண்டு மூன்று சொல் வரும். அதை வைத்து ஆட்டத்தையே கண்முன் நிறுத்த வேண்டும். ஒருநாள் தந்திக் கம்பி அறுந்துபோனது. ஆட்டம் நின்றது என்று சொல்ல மனமில்லாமல், பேட்டர் பந்தை மீண்டும் மீண்டும் எல்லைக்கு வெளியே தட்டிவிடுவதாகவே நிமிடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார், கம்பி சரியாகும்வரை. 1937ல் கப்ஸ் அணி பயிற்சிக்காகக் கலிஃபோர்னியா போனபோது கூடவே போனவர், அங்கே ஹாலிவுட்டில் நடிப்புத் தேர்வு கொடுத்தார்.

●

இனி வருவது இந்தத் துறைக்கே அடிக்கல் போன்ற ஒரு வழக்கு. மைதானத்தில் நடக்கும் ஆட்டம் பற்றிய செய்தி யாருக்குச் சொந்தம்?

1938ல் பைரேட்ஸ் அணி, தன் ஆட்டங்களை ஒலிபரப்பும் தனியுரிமையை ஜெனரல் மில்ஸ் என்ற தானிய உணவு நிறுவனத்துக்கு விற்றிருந்தது. பிட்ஸ்பர்க்கிலேயே கே.க்யூ.வி. என்று இன்னொரு நிலையம். அது உரிமை வாங்கவில்லை, மைதானத்துக்குள்ளும் போகவில்லை. ஃபோர்ப்ஸ் ஃபீல்டுக்கு வெளியே, மதிலுக்கு மேலாக உள்ளே தெரியும் உயரமான இடங்களை வாடகைக்குப் பிடித்து ஆட்களை நிறுத்தியது. அவர்கள் பார்த்துச் சொல்லச் சொல்ல, நிலையம் ஆட்டத்தை நேரடியாக ஒலிபரப்பியது. பார்ப்பது குற்றமா, பார்த்ததைச் சொல்வது குற்றமா என்பது அதன் வாதம்.

நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆட்டத்தை நடத்தச் செலவழிப்பது அணி. மைதானத்தைக் கட்டியது அணி. வீரர்களுக்குச் சம்பளம் கொடுப்பது அணி. ஆகவே ஆட்டம் நடக்கும்போதே அதன் செய்தியை விற்றுக் காசாக்கும் உரிமை, நியாயமான கால அளவுக்கு, அணிக்கே உண்டு என்று தீர்ப்பு வந்தது, கே.க்யூ.வி.க்குத் தடை போடப்பட்டது. இன்று கோடிக்கணக்கான டாலருக்கு விலைபோகும் விளையாட்டு ஒலிபரப்பு உரிமைகள் எல்லாம் அந்த மதில்மேல் பார்வை வழக்கின் நிழலில் வளர்ந்தவை. அணியின் பக்கம் நியாயம் இருந்தது என்பதே என் எண்ணமும். ஆனாலும் வாடகை இடத்தில் ஏறி நின்று ஊருக்கு ஆட்டம் சொன்ன அந்தப் பெயர் தெரியாத ஆட்களின் மேல் ஒரு பிரியம் வரத்தான் செய்கிறது.

●

டெக்சஸ் மாநிலம் டாலஸில் கோர்டன் மெக்லென்டன் என்ற இளைஞர், கே.எல்.ஐ.எஃப். நிலையத்தின் சொந்தக்காரர். 1940களின் பின்பாதியில் தினமும் ஒரு பெரிய லீக் ஆட்டத்தைத் தந்திச் செய்தியிலிருந்து ஸ்டுடியோவில் உயிர்ப்பித்துச் சொன்னார். ஒவ்வொரு மைதானத்தின் கூட்ட இரைச்சலையும் தனித்தனியாகப் பதிவு செய்துவைத்து, அந்தந்த ஊர் ஆட்டத்துக்கு அந்தந்த ஊர் ஆரவாரத்தையே பின்னணியில் ஓடவிடுவார். பெரிய லீக் அணியே இல்லாத தென் மாநிலங்களிலும் மேற்கிலும் சின்னச் சின்ன ஊர் நிலையங்கள் அவரோடு சேர்ந்தன. 'லிபர்ட்டி' என்ற அந்த வலையமைப்பில் உச்சகட்டத்தில் நானூறுக்கும் மேற்பட்ட நிலையங்கள்.

அணிகள் விழித்துக்கொண்டன. உரிமைக்குக் கட்டுப்பாடு மேல் கட்டுப்பாடு போட்டன. பிறகு கொடுக்கவே மறுத்தன. மெக்லென்டன் 1.2 கோடி டாலர் நஷ்டஈடு கேட்டு வழக்குத் தொடுத்தார். 1952ல் வலையமைப்பு மூடப்பட்டது. கோடைப் பிற்பகல்களில் ஆட்டம் கேட்டுப் பழகியிருந்த நூற்றுக்கணக்கான சிற்றூர்கள் ஒரே அடியாக அதை இழந்தன.

●

1951ல் ஜயன்ட்ஸ் வீரர் பாபி தாம்சன் அடித்த ஹோம் ரன் பேஸ்பால் வரலாற்றின் மிகப் புகழ்பெற்ற அடி. வர்ணனையாளர் ரஸ் ஹாட்ஜஸ் கத்திய கத்தல் இன்றும் ஒலிக்கிறது. அதைப் பதிவு செய்துவைத்தது நிலையமா? இல்லை. வேலைக்குப் போக வேண்டியிருந்த ஒரு ரசிகர், கடைசிப் பகுதியை டேப்பில் பதிவு செய்யும்படி தன் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அந்த அம்மா பொத்தானை அழுத்தியதால்தான் அந்தக் குரல் நமக்கு மிஞ்சியது.

●

பேஸ்பால் வானொலியை வளர்த்ததில் பீருக்குப் பெரும் பங்கு. ஹாரி கேரி என்ற வர்ணனையாளர் 1945 முதல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் ஆட்டங்களைச் சொல்லி, கிரிஸிடெக் பிரதர்ஸ் என்ற உள்ளூர் பீரை விற்றுக் கொடுத்தார். 1953ல் அணியை 37.5 லட்சம் டாலருக்கு வாங்கியது யார்? போட்டி பீர் நிறுவனமான ஆன்ஹைசர்-புஷ். கேரி பீரை மாற்றிக்கொண்டு மைக்கின் முன் நீடித்தார். புதிய முதலாளி கஸி புஷ், மைதானத்துக்குத் தன் பீர் பெயரான பட்வைசர் என்றே பெயரிட விரும்பினார். லீக் ஆணையர் ஒப்பவில்லை. குடும்பப் பெயரான புஷ் என்று வைத்தார். சிறிது காலத்தில் 'புஷ்' என்ற பெயரிலேயே ஒரு பீரும் சந்தைக்கு வந்துவிட்டது!

●

அதே கார்டினல்ஸ் அணியைப் பற்றித்தான் இந்தப் பக்கத்தில் அதிகம் சொல்ல விரும்புகிறேன்.

1950களின் நடுப்பகுதி வரை பெரிய லீகின் மேற்கு எல்லையும் தெற்கு எல்லையும் செயின்ட் லூயிஸ்தான். அதற்கு அப்பால் ஆர்கன்சா, ஒக்லஹோமா, மிஸிஸிப்பி, டென்னஸி என்று விரிந்த நிலத்தில் அணியே கிடையாது. ஆனால் செயின்ட் லூயிஸில் கே.எம்.ஓ.எக்ஸ். இருந்தது: 1120 ஏ.எம்., 50,000 வாட், அன்று சி.பி.எஸ். குழுமத்துக்குச் சொந்தம். ஏ.எம். அலை பகலில் தரையை ஒட்டிப் போகும். பொழுது சாய்ந்தபின் வானின் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான மைல் தாண்டி விழும். அந்த அலைவரிசையில் வேறு நிலையம் குறுக்கிடாதபடி அரசு ஒதுக்கீடும் இருந்தது. பேஸ்பாலோ இரவில் ஆடப்படுகிறது. இரண்டும் சேர்ந்தன.

ஹாரி கேரியும் ஜாக் பக்கும், பின்னால் மைக் ஷானனும் பேசிய குரல் பருத்திக் காடுகளிலும் சோள வயல்களிலும் இரவு முழுக்கக் கேட்டது. செயின்ட் லூயிஸை ஒருமுறைகூடப் பார்க்காத குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் கார்டினல்ஸ் ரசிகர்கள் ஆனார்கள். கோடையில் ஒருமுறை, பல மணி நேரம் வண்டியோட்டி வந்து மைதானத்தைப் பார்த்துவிட்டுப் போவது அந்த ஊர்களில் ஒரு யாத்திரை. இந்த அணியின் ரசிகர் வரைபடத்தை வரைந்தது ஒரு வானொலிக் கோபுரம்.

●

பிறகு 2005ல் அணி ஒரு முடிவெடுத்தது. அரை நூற்றாண்டு உறவை முறித்துக்கொண்டு, அதே நகரின் கே.டி.ஆர்.எஸ். என்ற 5,000 வாட் நிலையத்தின் பாதிப் பங்கை வாங்கியது. 2006 சீசனிலிருந்து ஆட்டங்கள் அங்கே போயின.

ஏன்? கணக்கு எளிது. இன்னொருவர் நிலையத்தில் ஆடினால் அவர் தரும் உரிமைத் தொகை மட்டுமே கிடைக்கும். அந்தத் தொகையும் விளம்பரச் சந்தை சுருங்கினால் சுருங்கும். சொந்த நிலையம் என்றால் விளம்பர வருவாய் பங்காகக் கைக்கு வரும், நிலையத்தின் மதிப்பு கூடினால் அதுவும் லாபம், ஆட்டம் இல்லாத நேரத்திலும் அணியைப் பற்றிய பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். 1996ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டமும் ஒரு காரணம். அதன்பின் பெரிய நகரம் ஒன்றில் ஒரே நிறுவனம் 8 நிலையங்கள்வரை வைத்திருக்க முடிந்தது. பத்துப் பேர் போட்டி போட்டு விலை கேட்ட இடத்தில் இரண்டு மூன்று பேரே மிஞ்சினால், விற்கப் போகிற அணி தனக்கென ஒரு கதவு வேண்டும் என்று நினைப்பது இயல்பு.

ஆனால் கணக்குப் புத்தகத்தில் வராத ஒருவர் இருந்தார்: தொலைதூரத்து ரசிகர். பல மாநிலங்களில் இருக்கும் துணை நிலையங்கள் ஆட்டத்தை எடுத்து ஒலிபரப்பின என்பது உண்மை. அவை எட்டாத இடங்களில், இரவானால் கே.எம்.ஓ.எக்ஸைத் திருப்பிக் கேட்டுப் பழகியவர்களுக்கு அந்த எண்ணில் இப்போது வேறு பேச்சு ஓடியது. செயின்ட் லூயிஸின் புறநகர்ப் பகுதிகளிலேயே இரவில் கே.டி.ஆர்.எஸ். சரியாக எடுக்கவில்லை என்று புகார்கள் வந்தன. விந்தை என்னவென்றால், அந்த முதல் சீசனிலேயே, 2006ல், கார்டினல்ஸ் சீசனின் சாம்பியனை முடிவுசெய்யும் உலகத் தொடரை வென்றது!

ஐந்து சீசன் போனது. 2011ல் அணி கே.எம்.ஓ.எக்ஸுக்கே திரும்பியது. அந்த ஆண்டும் உலகத் தொடரை வென்றது. பங்குரிமையைவிடக் கோபுரத்தின் எட்டும் தூரம் பெரிது என்று அந்த அணி கற்றுக்கொள்ள ஐந்து ஆண்டுகள் ஆயின என்றே நான் பார்க்கிறேன்.

●

உரிமை வாங்கப் போய் அணியையே வாங்கி வந்தவர் ஒருவர் உண்டு. ஜீன் ஆட்ரி, குதிரைமேல் பாடும் கௌபாயாகத் திரையில் புகழ்பெற்ற நடிகர்; லாஸ் ஏஞ்சலஸின் கே.எம்.பி.சி. நிலையத்தின் சொந்தக்காரரும்கூட. நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபெயர்ந்திருந்த டாட்ஜர்ஸின் ஆட்டங்கள் அவர் நிலையத்தை விட்டு வேறு நிலையத்துக்குப் போய்விட்டன. 1960 டிசம்பரில், லாஸ் ஏஞ்சலஸுக்கு இன்னொரு அணி வரப்போகிறது என்று கேள்விப்பட்டு, அதன் வானொலி உரிமையையாவது பிடிப்போம் என்று லீக் கூட்டத்துக்குப் போனார். உரிமையாளர் ஆக ஆள் கிடைக்காமல் தவித்த லீக், நீங்களே வாங்கிக்கொள்ளுங்களேன் என்றது. 21 லட்சம் டாலர். ஏஞ்சல்ஸ் அணி அப்படிப் பிறந்தது.

பல ஆண்டுகள் கழித்து அதே அணிக்கு உரிமையாளராக வந்த ஆர்ட்டி மொரேனோ, 2006ல் 830 ஏ.எம். நிலையத்தை வாங்கி அணியின் வானொலியாக்கினார். பக்கத்து டாட்ஜர்ஸும் சளைக்கவில்லை. ஐஹார்ட் என்ற வானொலி நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து 570 ஏ.எம். நிலையத்தில் பங்காளி ஆனது.

●

டெட்ராய்ட் டைகர்ஸ் அணியை 1956ல் வாங்கிய குழுவில் முதன்மையானவர்கள் வானொலி நிலைய முதலாளிகள். அவர்களில் ஜான் ஃபெட்ஸர் 1983 வரை அணியைக் கையில் வைத்திருந்தார். சியாட்டில் மரினர்ஸ் அணியை 1989ல் வாங்கிய ஜெஃப் ஸ்முல்யன், அமெரிக்காவின் முதல் முழுநேர விளையாட்டு வானொலியான நியூயார்க்கின் டபிள்யூ.எஃப்.ஏ.என். நிலையத்தைத் தொடங்கிய நிறுவனத்தின் நிறுவனர்.

●

ஒலிபரப்பு நிறுவனம் அணியை வாங்கினால் மைக்குக்கு என்ன ஆகும்? 1964ல் சி.பி.எஸ். நிறுவனம் யாங்கீஸ் அணியின் 80 சதவீதத்தை 1.12 கோடி டாலருக்கு வாங்கியது. அணி சரிந்தது. 1966 செப்டம்பர் 22 அன்று யாங்கீ ஸ்டேடியத்துக்கு வந்தவர்கள் 413 பேர். அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் உட்காரக்கூடிய மைதானம் அது. அன்று தொலைக்காட்சி வர்ணனையில் இருந்தவர் முதுபெரும் ரெட் பார்பர். காலியான இருக்கைகளைக் காட்டுங்கள் என்று கேமராக்காரர்களிடம் கேட்டார், மறுத்துவிட்டார்கள். ஆட்டத்தைவிட இந்தக் கூட்டம்தான் இன்றைய செய்தி என்று மைக்கிலேயே சொன்னார். சில நாளில், அவர் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்று அணித் தலைவர் தெரிவித்தார். பேஸ்பால் வானொலிக்கே நேர்மையின் இலக்கணம் வகுத்த மனிதருக்குக் கிடைத்த விடை அது. அணியே நிலையத்தை வாங்கும் ஒவ்வொரு முறையும் இந்தச் சம்பவத்தை நினைத்துப் பார்க்க வேண்டும் என்பேன். உரிமையாளரின் சம்பளம் வாங்குகிறவர் காலி இருக்கையைச் சொல்ல முடியுமா என்பதுதான் கேட்பவருக்கு முக்கியமான கேள்வி.

●

வீரர்களை அணிகள் மாற்றிக்கொள்வது வழக்கம். வர்ணனையாளரைக் கொடுத்து வீரரை வாங்கியதும் நடந்திருக்கிறது. 1948ல் பார்பர் நோயுற்றபோது டாட்ஜர்ஸுக்கு அவசரமாக ஒரு குரல் தேவைப்பட்டது. அட்லான்டா கிராக்கர்ஸ் அணியின் வர்ணனையாளர் எர்னி ஹார்வெலைக் கேட்டார்கள். ஒப்பந்தத்திலிருந்து விடுவிக்க வேண்டுமானால் ஒரு கேட்சரைக் கொடுங்கள் என்றார் அட்லான்டா முதலாளி. கிளிஃப் டாப்பர் என்ற கேட்சர் அட்லான்டாவுக்குப் போனார். ஹார்வெல் புரூக்ளினுக்கு வந்தார். இருவரும் முதன்முறையாக நேரில் சந்தித்தது 2002ல், டெட்ராய்ட்டில் ஹார்வெலுக்குச் சிலை திறந்த நாளில்.

●

1958ல் டாட்ஜர்ஸ் லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபெயர்ந்தபோது ஆடக் கிடைத்தது கொலீசியம் என்ற மாபெரும் அரங்கம். பின்வரிசையில் இருந்தவர்களுக்கு வீரர்கள் புள்ளிகளாகத்தான் தெரிந்தார்கள். அதனால் டிரான்சிஸ்டரைக் கையோடு கொண்டுவந்து, ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே வின் ஸ்கல்லியின் வர்ணனையையும் கேட்டார்கள். ஒருநாள் ஸ்கல்லி, இன்று நடுவர் ஃபிராங்க் செகோரிக்குப் பிறந்தநாள், மூன்று எண்ணுகிறேன், எல்லோரும் வாழ்த்துங்கள் என்றார். அரங்கமே ஒரே குரலில் வாழ்த்தியது. ஸ்கல்லி 1950 முதல் 2016 வரை 67 சீசன்கள் அந்த ஒரே அணிக்குப் பேசினார்.

●

அதே டாட்ஜர்ஸுக்கு ஸ்பானிஷ் மொழியில் பேசியவர் ஹைமே ஹாரின். எக்வடாரில் பிறந்தவர்; அமெரிக்கா வரும்வரை பேஸ்பாலைப் பார்த்ததே இல்லை. 1959ல் தொடங்கி 2022 வரை பேசினார். ஆரம்பத்தில் வெளியூர் ஆட்டங்களுக்கு ஸ்பானிஷ் குழுவை அனுப்ப மாட்டார்கள். ஸ்டுடியோவில் உட்கார்ந்து, ஸ்கல்லியின் ஆங்கில வர்ணனையைக் காதில் வாங்கியபடியே ஸ்பானிஷில் ஆட்டத்தை நடத்துவார்.

●

1978ல் ஓக்லாந்து ஏ'ஸ் அணியின் உரிமையாளர் சார்லி ஃபின்லி சீசன் தொடங்கும்வரை எந்த நிலையத்தோடும் ஒப்பந்தம் செய்யவில்லை. உலகத் தொடரை மூன்று முறை அடுத்தடுத்து வென்று நான்கே ஆண்டுகள் ஆன அணி அது! கடைசியில் முதல் சில ஆட்டங்களை ஒலிபரப்பியது பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் நடத்திய கே.ஏ.எல்.எக்ஸ். நிலையம். சக்தி 10 வாட். ஒரு குண்டு பல்புக்குக்கூடப் போதாத மின்சாரம். அன்று வர்ணனை சொன்ன மாணவர்களில் ஒருவர் லாரி பேர். பின்னாளில் விரிகுடாவின் அக்கரையில், நியூயார்க்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குக் குடிபெயர்ந்திருந்த ஜயன்ட்ஸ் அணியின் தலைமை நிர்வாகி ஆனார்.

●

சிகாகோவின் டபிள்யூ.ஜி.என். நிலையத்தின் பெயரில் உள்ள எழுத்துகள், 'உலகின் தலைசிறந்த நாளிதழ்' என்று தன்னை அழைத்துக்கொண்ட சிகாகோ டிரிப்யூன் பத்திரிகையின் அந்த அடைமொழியின் ஆங்கில முதலெழுத்துகள். அந்தப் பத்திரிகை நிறுவனம் 1981ல் கப்ஸ் அணியை 2.05 கோடி டாலருக்கு வாங்கியது. பத்திரிகை, வானொலி, தொலைக்காட்சி, அணி எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ். 2009ல் அணி ரிக்கெட்ஸ் குடும்பத்துக்குக் கைமாறியது. அடுத்த சில ஆண்டுகளில் வானொலி உறவும் அறுந்தது. 1958 முதல் தொடர்ந்து ஒலித்த கப்ஸ் ஆட்டங்கள் 2014 சீசனோடு டபிள்யூ.ஜி.என். வானொலியை விட்டுப் போயின.

முதல் ஆட்டத்தை ஒலிபரப்பிய கே.டி.கே.ஏ.? 1955 முதல் பைரேட்ஸின் வீடாக இருந்த அந்த ஏ.எம். நிலையத்தை அணி 2006 சீசனோடு விட்டு, ஒரு எஃப்.எம். நிலையத்துக்குப் போய்விட்டது.

●

இணையத்தில் ஒரு பேஸ்பால் ஆட்டத்தின் வர்ணனை முதலில் நேரடியாகக் கேட்டது 1995 செப்டம்பர் 5, மரினர்ஸுக்கும் யாங்கீஸுக்கும் நடந்த ஆட்டம். இனித் தொலைதூர ரசிகருக்குக் கோபுரம் தேவையில்லை என்று தோன்றியது. ஆனால் 2001ல் லீக், எல்லா அணிகளின் இணைய ஒலி உரிமையையும் தன் கைக்கு எடுத்துக்கொண்டு கட்டணம் வைத்தது. உள்ளூர் நிலையம் தன் கோபுரத்தில் ஆட்டத்தை ஒலிபரப்பும் அதே நேரத்தில், தன் இணைய ஒலிபரப்பில் வேறு நிகழ்ச்சியை ஓட்ட வேண்டிய நிலை வந்தது. 2005ல் எக்ஸ்.எம். செயற்கைக்கோள் வானொலி, 11 ஆண்டுக்கு 65 கோடி டாலர் ஒப்பந்தத்தோடு உள்ளே வந்தது. காற்றில் இலவசமாக வந்த ஒன்று இணையத்துக்கும் செயற்கைக்கோளுக்கும் ஏறியதும் சந்தாவாக மாறியது.

●

மின்சாரக் கார்களின் மோட்டார் எழுப்பும் இரைச்சல் ஏ.எம். அலையில் குறுக்கிடுகிறது. அதனால் பல தயாரிப்பாளர்கள் ஏ.எம். வானொலியையே காரிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஃபோர்டு நிறுவனமும் எடுக்கப்போவதாகச் சொல்லி, எதிர்ப்பு வலுத்ததும் 2023ல் முடிவை மாற்றிக்கொண்டது. எல்லாக் கார்களிலும் ஏ.எம். இருக்க வேண்டும் என்ற மசோதா அதே ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. புயல் எச்சரிக்கைக்கு அது வேண்டும் என்பதே முக்கிய வாதம். ஆட்டம் கேட்பவர்களும் கூடவே குரல் கொடுக்கத்தான் வேண்டும்.

●

மறுபடியும் ஓக்லாந்து. 2020 பிப்ரவரியில் ஏ'ஸ் அணி ஒரு துணிச்சலான அறிவிப்பு செய்தது: தன் சொந்தப் பகுதியில் இனி வானொலி நிலையமே வேண்டாம், ஆட்டங்கள் இணைய ஒலிபரப்பில் மட்டும். பெரிய லீகில் எந்த அணியும் அதற்கு முன் செய்யாத காரியம். செயலி இல்லாத முதியவர்களும், மைதானத்தில் உட்கார்ந்தபடி வானொலி கேட்பவர்களும் கொதித்தார்கள். மார்ச்சில் பெருந்தொற்று வந்தது, சீசன் தள்ளிப்போனது. ஜூலையில், ரசிகர் யாரும் இல்லாத மைதானங்களில் ஆட்டம் தொடங்குவதற்குச் சற்று முன், அணி 960 ஏ.எம். நிலையத்தோடு கையெழுத்திட்டது.